‘ம, யோ, ல், லி’: மல்வோலியோவின் கடிதக் காட்சியை மேடையேற்றுவது எப்படி?

ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தை 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் பார்த்த சட்ட மாணவர் ஒருவர், தன் நாட்குறிப்பில் மெச்சி எழுதியது ஒரு தந்திரத்தை. சீமாட்டி ஒலிவியா தன்னைக் காதலிப்பதாகப் போலிக் கடிதம் ஒன்றால் காரியஸ்தன் மல்வோலியோவை நம்பவைப்பார்களே, அதை. இரண்டாம் அங்கம், ஐந்தாம் காட்சி. இது மேடையில் படுத்துவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மல்வோலியோவாக வருபவர் காமெடி பண்ணுகிறார். அவன் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான கால்மணி நேரம் அது. நடிகரும் அப்படித்தான் நம்ப வேண்டும்.

கடிதம் கண்ணில் படுவதற்கு முன் வரும் பகற்கனவை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். ஒலிவியாவை மணந்து மூன்று மாதமான பிரபுவாக அவன் தன்னை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறான். வெல்வெட் அங்கி உண்டு, ஒலிவியாவின் உறவினர் டோபியை அழைத்துவர ஏழு ஆட்கள் உண்டு. கடிதத்தின் கையெழுத்து மட்டும்தான் ஒலிவியாவின் பணிப்பெண் மரியாவுடையது, ஆசை முழுக்க அவனுடையது. இது தெரிந்தால்தான் பார்ப்பவர்கள் குற்றவுணர்ச்சி இல்லாமல் சிரிப்பார்கள். அந்தக் கனவில் ஓர் இடம்: கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன், அல்லது என்னுடைய... என்று சொல்லும்போது பழக்கத்தில் கை கழுத்துச் சங்கிலிக்குப் போகிறது. அது காரியஸ்தன் சங்கிலி, பிரபு அணிய மாட்டார். கை சட்டென்று நிற்க வேண்டும், ஒரு மூச்சு, பிறகு ‘ஏதோ ஒரு விலையுயர்ந்த நகை’ என்று சமாளிக்க வேண்டும். சங்கிலியை முதல் அங்கத்திலிருந்தே அவன் கழுத்தில் போட்டுவையுங்கள்.

புதருக்குப் பின்னால் ஒளிந்து வேடிக்கை பார்க்கும் மூவரையும் (டோபி, அவனுடைய நண்பன் ஆண்ட்ரூ, வீட்டு ஆள் ஃபேபியன்) பக்கத்திரைக்கு அருகே தள்ளாதீர்கள். மல்வோலியோ முன்மேடையில், புதர் அவனுக்குப் பின்னால் இரண்டு எட்டில். இரு தரப்பு முகமும் ஒரே பார்வையில் விழ வேண்டும். அவன் பேசும்போது மூவரும் முகத்தைக் கோணிக்கொண்டே இருந்தால் வசனம் காதில் ஏறாது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அசையட்டும், அதுவும் அவன் மூச்செடுக்கும்போது. டோபிக்குக் கோபம், ஃபேபியனுக்கு அடக்கும் வேலை. ‘முட்டாள் வீரன்’ என்று மல்வோலியோ சொன்னதும் ‘அது நான்தான்’ என்று ஆண்ட்ரூ சொல்வதில் வருத்தமே கூடாது. சரியாகச் சொல்லிவிட்ட பெருமை வேண்டும்.

தமிழில் போடுபவர்களுக்கு, கடிதத்தில் அவன் பெயரைச் சுட்ட வரும் எழுத்துப் புதிர்தான் தலைவலி. மூலத்தில் எம், ஓ, ஏ, ஐ: பெயரின் முதல், கடைசி, இரண்டாவது, கடைசிக்கு முந்தைய எழுத்துகள். மல்வோலியோவில் அதே வரிசையில் ம, யோ, ல், லி என்று அப்படியே கிடைக்கிறது. ‘ம-வுக்குப் பிறகு ல் அல்லவா வர வேண்டும், யோ வருகிறதே’ என்று அவன் திணறட்டும். மூலத்தில் டோபி அவனை அடித்து ‘ஓ’ என்று கத்தவைப்பதாகச் சொல்கிறான்; தமிழில் அது ‘ஐயோ’ ஆகிவிடுகிறது, கேட்காமலே கிடைத்த சிலேடை. கையெழுத்தை அடையாளம் காணும் இடத்தின் கொச்சைச் சிலேடையோடு மல்லுக்கட்ட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கடிதம் அவனைச் சிரித்த முகமாக இருக்கச் சொல்கிறது. ஆகவே அதுவரை ஒரு புன்னகைகூடக் கூடாது, கனவிலும்தான். முதல் சிரிப்பு துருப்பிடித்த கதவு மாதிரி மெல்லத் திறக்கட்டும்.

காட்சி முடிவில் மரியா சொல்வதுதான் அடுத்த வெடிக்கு மருந்து: கடிதத்தை நம்பி அவன் அணியப்போகும் மஞ்சள் நிறமும் காலில் குறுக்குப் பட்டி கட்டுவதும் ஒலிவியாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அரங்கச் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அந்த வரி காதில் விழாமல் போனால் மூன்றாம் அங்கத்தில் அவன் மஞ்சள் காலுறையோடு வருவது வெறும் வேஷமாகிவிடும். அதுவரை உடையிலும் விளக்கிலும் மஞ்சளே வேண்டாம். ஒலிவியாவோ துக்கத்துக்குக் கறுப்பில் இருக்கிறாள். காலுக்கு 2 முதல் 2.5 மீட்டர் ரிப்பன், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை குறுக்காக. இரத்தம் ஓடவில்லை என்று அவனே புலம்புகிறான் என்பதற்காக நிஜமாகவே இறுக்கிவிடாதீர்கள், இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்காலை மடக்கத் தயங்கினாலே போதும், அந்த நடை வந்துவிடும்.