கிறிஸ்தவக் கல்லூரியில் புலமைப்பரிசில் கேட்பது எப்படி: கொழும்பிலிருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு

அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் கட்டண விபரத்தைத் திறந்து பார்த்த அன்று எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 45,000 டொலர். டொலரை 300 ரூபாய் என்று போட்டாலே ஒரு கோடியே 35 இலட்சம். அக்காவின் மகள், கொட்டாஞ்சேனையில் ஏ.எல் படித்துக்கொண்டிருந்தவள், "சின்னம்மா, இதை விட்டுடுவம்" என்றாள். விடவில்லை, இப்போது அவள் அங்கேதான் படிக்கிறாள். வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த முதல் எண்ணைப் பார்த்தே திரும்பிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தனியார் கல்லூரிகள் போடுகிற அந்தத் தொகையை முழுதாகக் கட்டுகிறவர்கள் அங்கே குறைவு. பெறுபேற்றுக்காகத் தருகிற புலமைப்பரிசில் ஒன்று, குடும்பத்தின் வசதியைப் பார்த்துத் தருகிற நிதியுதவி இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. முதலாவது பல இடங்களில் அட்மிஷன் விண்ணப்பத்தோடு தானாகவே பார்க்கப்படும். இரண்டாவதை நீங்கள் தனிப் படிவம் நிரப்பிக் கேட்டால்தான் உண்டு, கேட்காதவருக்குத் தரமாட்டார்கள். கூகுளில் தேடினால் அமெரிக்க அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா என்ற படிவம்தான் முதலில் வரும். அது அமெரிக்கப் பிரஜைகளுக்கும் அங்கே நிரந்தரமாக இருப்பவர்களுக்கும் உரியது, நமக்கு இல்லை. அதில் நாங்கள் இரண்டு இரவை வீணாக்கினோம். வெளிநாட்டு மாணவருக்கு சீஎஸ்எஸ் ப்ரொஃபைல் (பல கல்லூரிகள் நிதியுதவிக்குக் கேட்கிற பொதுவான ஒன்லைன் படிவம்) வேண்டுமா அல்லது கல்லூரியின் சொந்தப் படிவமா என்று நேரே ஈமெயில் போட்டுக் கேளுங்கள்.

எந்தக் கல்லூரி என்பது அடுத்த கேள்வி. கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி 1855இல் அடிமை முறையை எதிர்த்த கிறிஸ்தவர்கள் தொடங்கியது, 1892இலிருந்து மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கு முதல் வருடம் தங்குமிடம் சாப்பாடு வரை பார்த்துக்கொள்கிறார்கள். பதிலுக்கு எல்லா மாணவரும் வாரத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் கல்லூரியில் வேலை செய்யவேண்டும். எடுப்பது மிகச் சிலரைத்தான், அதனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்ரடேம், வெளிநாட்டு மாணவரின் பண வசதியையும் பார்க்காமல் அட்மிஷனை முடிவு செய்வதாக 2024இல் அறிவித்தது. ஆனால் உள்ளே போவதுதான் கஷ்டம். இவற்றுக்கு நடுவில் பெயர் அதிகம் கேள்விப்படாத சின்னக் கல்லூரிகள் நிறைய உண்டு. எங்கள் பிள்ளைக்குக் கடைசியில் கைகொடுத்தது அப்படி ஒன்றுதான். ஆறு ஏழு இடத்துக்குப் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாது என்று மரியாதையாக எழுதினால் பல இடங்களில் தள்ளுபடி செய்கிறார்கள்.

எங்கள் மாடியில் இருக்கிற சைவக் குடும்பம் ஒன்று "நாங்கள் போடலாமா" என்று கேட்டார்கள். பல இடங்களில் தாராளமாகப் போடலாம். சில கல்லூரிகள் மட்டும் விசுவாச அறிக்கையில் கையெழுத்தும் பாஸ்டரின் கடிதமும் கேட்கும், சில இடங்களில் சாப்பல் ஆராதனைக்கு, அதாவது கல்லூரித் தேவாலய வழிபாட்டுக்கு, போவது கட்டாயம். வாசித்துப் பார்த்து, உண்மையாகச் செய்யக்கூடியதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். காசுக்காக இல்லாத விசுவாசத்தை எழுதவேண்டாம். அது பிள்ளைக்கு நான்கு வருடச் சுமை. சபைக்குப் போகிறவர்கள் உங்கள் ஐயரிடமோ பாதரிடமோ முன்கூட்டியே கேளுங்கள். மெதடிஸ்த சபை, யேசு சபை போன்றவற்றோடு தொடர்புள்ள கல்லூரிகள் அங்கே பல இருக்கின்றன. பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் ஞாயிறு பாடசாலையில் அவள் செய்ததை விபரமாக எழுதினால், வெறும் "நல்ல பிள்ளை" என்ற கடிதத்தை விட அது எவ்வளவோ மேல்.

ஆவணங்களை ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். ஓகஸ்டில் படிப்புத் தொடங்கும் இடங்களுக்கு விண்ணப்ப முடிவுத் திகதி அதற்கு முந்தைய நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வந்துவிடும், அப்போது ஏ.எல் பெறுபேறு கையில் இருக்காது. ஓ.எல் சான்றிதழையும் மூன்று வருடத் தவணைப் புள்ளிகளையும் வைத்துத்தான் போடவேண்டிவரும். அங்கே டிரான்ஸ்கிரிப்ட் என்று, எல்லா வருடப் புள்ளிகளும் அடங்கிய ஒரே அறிக்கையைக் கேட்பார்கள். நம் பாடசாலைகள் பலவற்றில் அப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை. தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்து, ஒரே தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கவேண்டும். பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் மூலமே ஆங்கிலத்தில் எடுக்கலாம்.

இனி வருமானப் படிவம். எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். அத்தான் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, சம்பளம் கையில் காசாக. சம்பளச் சிட்டை என்று ஒன்று இல்லை. அக்கா வீட்டிலிருந்து பிளவுஸ் தைக்கிறா. மேசையில் படிவத்தை விரித்ததும் அத்தான் மாதத்துக்கு இரண்டரை இலட்சம் என்று எழுதச் சொன்னார். உண்மையில் அவருக்கு 95,000, அக்காவுக்கு ஏறக்குறைய 20,000. "இவ்வளவுதானா என்று நினைப்பாங்கள்" என்றார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. நிதியுதவிப் படிவத்தில் குறைவாக வரும் எண் வெட்கப்படவேண்டிய ஒன்றில்லை என்று அன்று இரவு முழுக்க அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. பெருமைக்காகக் கூட்டி எழுதினால் அந்தக் கூடுதல் காசை நீங்கள் கட்டுவீர்கள் என்றுதான் கல்லூரி எடுத்துக்கொள்ளும். குறைத்து எழுதினால் பிறகு விசாவில் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

மாதம் 1,15,000 என்றால் வருடத்துக்கு 13,80,000 ரூபாய், டொலரில் 4,600. எந்த நாளின் மாற்று விகிதம் என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200இலிருந்து 360 வரை போனதை மறக்கமுடியாது, அதற்கு முந்தைய வருமானத்தையும் கேட்டால் ஒரே சம்பளம் அந்த வருடங்களில் டொலரில் மிகக் கூடுதலாகத் தெரியும். அதை இரண்டு வரியில் விளக்குங்கள். சம்பளச் சிட்டை இல்லாதவர்கள் கடை முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், ஜீ.எஸ். (கிராம சேவகர்) தருகிற வருமானச் சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம், ஆறு மாத வங்கிக் கணக்குக் கூற்று, இவற்றைச் சேர்த்து அனுப்பலாம். கனடா மாமா உதவுவார் என்று போடுவதென்றால், அவர் கையெழுத்திட்டுத் தரத் தயாராக உள்ள தொகையை மட்டும் போடுங்கள். நத்தாருக்கு அனுப்புகிற காசை வைத்து வருடம் 10,000 டொலர் தருவார் என்று எழுதிவிடாதீர்கள்.

எங்களிடம் ஒருவர் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒன்றரை இலட்சம் வாங்கினார். கடைசியில் அவர் செய்தது, நாங்களே இலவசமாகப் போடக்கூடிய படிவத்தைப் பிழையான பிறந்த திகதியோடு போட்டதுதான். புலமைப்பரிசிலைத் தீர்மானிப்பது கல்லூரி மட்டுமே. சந்தேகம் இருந்தால் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவோடு இயங்குகிற, அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டுகிற எடியுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசகர்களிடம் கேளுங்கள்.

கல்லூரியின் புலமைப்பரிசில் கடிதம் வந்ததும் "33,000 டொலர் கிடைத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் மிச்சத்தைக் கணக்குப் பாருங்கள். 45,000இல் 33,000 போனாலும் 12,000 நிற்கும், அது 36 இலட்சம் ரூபாய். காப்புறுதியும் புத்தகமும் அதற்குள் அடங்குகிறதா, விடுமுறையில் விடுதியைப் பூட்டினால் பிள்ளை எங்கே தங்குவது என்று கேளுங்கள். விமான டிக்கெட், குளிர் உடுப்பு, மாணவர் விசாவுக்காக அமெரிக்க அரசுக்குக் கட்டுகிற 350 டொலர் செவிஸ் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். படிக்கும் காலத்தில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம், அது கைச்செலவுக்குத்தான் காணும். அங்கே வங்கிக் கடன் எடுக்க பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஒருவர் பிணை நிற்கவேண்டும்.

மிச்சம் கட்டமுடியாததாக இருந்தால், உடனே சரி என்றோ இல்லை என்றோ சொல்லாமல் கல்லூரிக்குத் திரும்ப எழுதுங்கள். எங்கள் பிள்ளை எழுதியது ஐந்தே வரி: நன்றி, இந்தக் கல்லூரிதான் என் முதல் விருப்பம், எங்களால் வருடத்துக்கு இவ்வளவுதான் முடியும், மற்றக் கல்லூரி தந்த கடிதத்தை இணைத்திருக்கிறேன், மறுபரிசீலனை செய்வீர்களா. மூன்று வாரம் கழித்து இன்னும் 7,000 டொலர் கூட்டித் தந்தார்கள். எல்லாரும் தரமாட்டார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தக் கல்லூரியை விடுங்கள், வீட்டை ஈடு வைக்காதீர்கள். பக்கத்தில் இந்தியாவில், 1837இல் தொடங்கி இப்போது தாம்பரத்தில் நடக்கிற சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது, செலவு பல மடங்கு குறைவு. இந்தியாவில் படிக்க இந்தியத் தூதரகம் வழியாக வருகிற புலமைப்பரிசில்களையும் பாருங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் கடைசியாக இரண்டு கேள்வியை ஈமெயிலில் கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் இது தொடர எத்தனை ஜீபீஏ (பாடங்களின் சராசரிப் புள்ளி) எடுக்கவேண்டும்? கட்டணம் கூடினால் உதவியும் கூடுமா, அதே தொகையில் நிற்குமா? பதிலைப் பிரிண்ட் எடுத்து விசாவுக்காகக் கல்லூரி தருகிற ஐ-20 படிவத்தோடு அதே ஃபைலில் வையுங்கள், காலி வீதியில் விசா நேர்முகத்துக்குப் போகும் நாளில் அதுவும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.