கல்கியைப் பரிந்துரைக்க ஒரு வழி

கல்கியைப் படிக்கக் கேட்பவர் கையில் எடுத்த எடுப்பிலேயே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் திணிக்காதீர்கள். முதலில் 'பார்த்திபன் கனவு' இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால், மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் தளத்தில் முழு நாவலும் இலவசமாகவே கிடைக்கிறது. இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருமா என்ற கவலையும் இல்லை.

இது ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். கல்கியின் நடை, அத்தியாய முடிவில் வைக்கும் கொக்கி, மாறுவேடம், காவிரிக்கரை எல்லாம் இதிலேயே உண்டு. பிடித்துப்போனால் அடுத்ததை அவர்களே கேட்பார்கள். பிடிக்காவிட்டால் போன நேரமும் குறைவுதான். அடுத்து 'சிவகாமியின் சபதம்' கொடுக்கலாம். அதன் கதை காலத்தால் முந்தியது என்றாலும் கல்கி பின்னால் எழுதியது, ஆகவே இந்த வரிசையில் சுவை கெடாது.

திரைப்படம் பார்த்துவிட்டு வந்தியத்தேவனைத் தேடி வருபவருக்கு இது பொருந்தாது. அவருக்கு நேரே 'பொன்னியின் செல்வன்'தான். போனில் படித்தால் கண் வலிக்கும் பெரியவர்களுக்கு அச்சுப் பிரதியே நல்லது, நூலகத்தில் எளிதாகக் கிடைக்கும். ராஜா ராணிக் கதையே வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.