களிமண்ணைக் கணினியில் ஏற்றும்போது எங்கே பிசகுகிறது?

2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில், சர்க்கிள் லைன் ரயில் பாதைக்காக 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்த பள்ளம் சரிந்து, பக்கத்திலிருந்த நிக்கல் நெடுஞ்சாலையையும் உள்ளே இழுத்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஸ்ட்ரட்டுகளை (பள்ளத்தின் சுவர்களுக்கு இடையே குறுக்கே முட்டுக்கொடுக்கும் எஃகு உத்திரங்களை) தாங்கிய இணைப்புகள் பலவீனமாக வடிவமைக்கப்பட்டது முக்கியக் காரணம். இன்னொரு காரணம் மண் மாதிரி, அதாவது மண்ணின் நடத்தையைக் கணினியில் கணக்கிடும் கணித மாதிரி. அதே பிழையை இன்றைக்கும் மாணவர்களின் ஃபைல்களில் பார்க்கிறேன்.

மென்மையான கடல் களிமண்ணில் வேகமாகத் தோண்டினால், உள்ளிருக்கும் நீர் வடிய நேரமிருக்காது. மண்ணை நழுவச் செய்யும் வெட்டு விசை ஏற ஏற, களிமண் சுருங்கப் பார்க்கும். நீர் வெளியேற முடியாததால் நீரழுத்தம் உயரும், துகள்களுக்கு இடையிலான பிடி தளரும். உராய்வையும் ஒட்டுவிசையையும் வைத்து மண்ணின் வலிமையைக் கணிக்கும் சாதாரண மோர்-கூலும் மாதிரிக்கு இந்தச் சுருக்கம் தெரியாது. அதற்கு வடிநிலை அளபுருக்களை (நீர் வடிந்த நிலைக்கான எண்களை) கொடுத்து, ‘நீர் வடியாது’ என்று மட்டும் குறித்தால், களிமண்ணை உண்மையைவிட வலுவானதாகக் காட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செங்குத்துச் செயலுறு தகைவு (நீரழுத்தம் போக மண் துகள்கள் தாங்கும் அழுத்தம்) 100 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 22 டிகிரி, ஒட்டுவிசை பூஜ்யம். பக்கவாட்டுத் தகைவு சுமார் 62. இரண்டின் சராசரி 81. அதை சைன் 22-ஆல் பெருக்கினால் வலிமை 30 வருகிறது. இப்படிப்பட்ட களிமண்ணுக்கு வழக்கமாக எடுப்பதோ 22 கிலோபாஸ்கல் அளவுதான். சிங்கப்பூரில் இந்த இடைவெளி, சுவரின் வளைவையும் வளைவுத் திருப்புமையையும் (சுவரை வளைக்கும் விசையின் அளவையும்) ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டியது.

ஆகவே முழுப் பள்ளத்தையும் வரைவதற்கு முன்னால், ஒரே ஒரு கூறில் (கணினி மாதிரியைப் பிரிக்கும் சிறு துண்டுகளில் ஒன்றில்) முவ்வச்சுச் சோதனையை, அதாவது மண்ணைச் சுற்றிலும் அழுத்தி மேலிருந்து நசுக்கும் சோதனையை ஓட்டி, ஆய்வகத்தில் கிடைத்த வளைகோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத மாதிரியை நான் நம்புவதில்லை.

கான்கிரீட்டில் அதிகம் பார்க்கும் பிழை, க்ரீப்பை, அதாவது நிலையான சுமையில் நாளாக ஆக உருமாற்றம் கூடுவதை மறப்பது. இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456 கணக்கில் எம்25 தரக் கான்கிரீட்டின் மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) 25,000 மெகாபாஸ்கல். 28 நாளில் சுமை ஏற்றி அப்படியே விட்டுவைத்தால் க்ரீப் கெழு 1.6, கடைசியில் கையில் நிற்கும் குணகம் 9,600 மட்டுமே. நீண்டகாலத் தொய்வுக்கும் 25,000-ஐப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

விரிசல் விழும் கான்கிரீட்டானால் கண்ணியின் (கூறுகளாகப் பிரித்த வலையின்) அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். உச்சத்துக்குப் பிறகு வளைகோடு வேறு பாதையில் சரிந்தால், முறிவு ஆற்றலை (விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலை) கூறின் அளவோடு பொருத்த விட்டுவிட்டீர்கள்.