எஞ்சினைத் திருப்பினால் மட்டும் போதாது

பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும் எஞ்சினை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தால் வளைவுகளில் காரின் வால் வீசுவது குறையும். கணக்கு சரிதான். 1948இல் போர்ஷே பெயரில் வந்த முதல் காரில் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் அப்படித்தான் இருந்தது. ஆனால் கொழும்பில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலையோ பழைய போர்ஷே 911ஐயோ கராஜில் ஏற்றிவிட்டு, எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்த்து அரைவட்டம் திருப்பினால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படித் திருப்பினால் சக்கரங்களும் எதிர்ப்பக்கம் சுற்றும். நாலு கியர் காரில் முன்னே போக ஒரு கியர், ரிவர்ஸ் போக நாலு! அதனால் கியர் பொக்ஸுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். பீட்டிலின் கியர் பொக்ஸில் அதைச் செய்யலாம். ஆனால் பல் இடைவெளியை அளந்து ஷிம் என்ற மெல்லிய தகடு போடாமல் மூடினால் முதலில் ஊளைச் சத்தம் கேட்கும், அப்புறம் பல் உதிரும். கண்ணால் பார்த்தே "சரி" சொல்லும் மெக்கானிக் பாஸிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வேறு சில கியர் பொக்ஸ்களைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டுவார்கள். அப்போது ஒயில் மட்டத்தை மறந்தால் மேலே உள்ள பற்கள் காய்ந்துவிடும்.

பெரிய பிழை இனித்தான். எஞ்சின் போய் உட்கார வேண்டிய இடத்தில் டோர்ஷன் பாரின், அதாவது முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியின், குழாய் குறுக்கே கிடக்கிறது. பீட்டிலிலும் அப்படி, 1989 வரையான 911களிலும் அப்படி. பின் சஸ்பென்ஷனின் பாரத்தைத் தாங்குவதே அந்தக் குழாய்தான். அதை வெட்டிவிட்டு இரண்டு இரும்புத் துண்டை வெல்டிங் செய்தால் பள்ளத்தில் விழுந்த முதல் நாளே சக்கரம் கோணிக்கொள்ளும். புதிய இரும்புச் சட்டகம், புதிய ஸ்பிரிங், அவை பூட்டும் இடம் எல்லாம் வரைபடத்தில் முடிவான பிறகே கிரைண்டரைத் தொடுங்கள். பின் இருக்கை போய்விடும் என்பதை வீட்டிலும் முதலே சொல்லிவிடுவது நல்லது.

சூட்டையும் குறைத்து எண்ணுகிறார்கள். காற்றால் குளிரும் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகள், கீழிருந்து எழும் சூடான காற்று மறுபடி விசிறிக்குள் போகாமல் தடுக்கின்றன. இடமில்லை என்று அவற்றைக் கழற்றிவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கொழும்பின் காலி வீதி நெரிசலில் நின்று பாருங்கள். விசிறி பெல்ட்டும் இப்போது உங்கள் முதுகுப் பக்கம். இருக்கைக்குப் பின்னால் திறக்கும் மூடி வைக்காவிட்டால், பெல்ட் அறுந்த அன்று எஞ்சினையே இறக்க வேண்டும்.

கியர் கம்பி எஞ்சினைத் தாண்டிப் போவதால் மூட்டுக்கு மூட்டு ஆட்டம் சேரும். முன்பக்கம் பாரம் கூடியதால் பழைய முன் ஸ்பிரிங்கும் முன்-பின் பிரேக் பங்கீடும் பொருந்தாது. பதிவுச் சான்றிதழில் இருப்பது மாற்றாத கார். வெட்டிய பிறகல்ல, வெட்டும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேளுங்கள்.