தீர்ப்பு சொல்லாதீர்கள்: சமரசம் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் ஒரு பெரிய மனிதர், குடும்பத்தில் ஒரு தாய்மாமா, தெருவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். சண்டை என்றால் இவர்களில் ஒருவரைக் கூப்பிடுவது நம் வழக்கம். அவர் இரண்டு பக்கமும் கேட்பார், யார் மேல் தப்பு என்று சொல்வார், கூட்டம் கலையும். சமரசம் கற்க வரும் பலர் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு வருகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதல். அங்கே சமரசர் தீர்ப்பு எழுதுவதில்லை. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமரசச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது: முடிவெடுக்கும் பொறுப்பு தரப்பினருடையது, சமரசர் எந்தத் தீர்வையும் திணிக்கக் கூடாது, உடன்பாடு வந்தே தீரும் என்று உறுதி கொடுக்கவும் கூடாது.

கேட்க எளிது, செய்வது கடினம். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். “டைல்ஸை உடைச்சு முழுசா சரி பண்ணுங்க” என்கிறார் கீழ் வீட்டுக்காரர். “என் பாத்ரூமை உடைக்க விடமாட்டேன்” என்கிறார் மேல் வீட்டுக்காரர். புதியவர் உடனே “செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்குங்க” என்று நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் அதில் திருப்தி இருக்காது.

கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் வேறு விஷயங்கள் வெளியே வரும். கீழ் வீட்டில் தை மாதம் கல்யாணம், அதற்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும். மேல் வீட்டில் நடக்கச் சிரமப்படும் வயதான அம்மா. இருப்பதோ ஒரே பாத்ரூம். இது தெரிந்ததும் பேச்சு தேதிக்கும், வேலை நடக்கும் நாட்களில் அம்மாவுக்கு என்ன ஏற்பாடு என்பதற்கும் நகர்ந்துவிடும். கேட்கும் விதமும் முக்கியம். “ஏன் விடமாட்டேங்கறீங்க?” என்றால் குறுக்கு விசாரணை போல இருக்கும். “உடைச்சா உங்களுக்கு என்ன சிரமம் வரும்?” என்று கேளுங்கள்.

அடுத்து, ஒரு பக்கத்தின் கதையை முன்கூட்டியே போனில் முழுதாகக் கேட்டுவிடுவது. முதலில் கேட்ட கதை மனதில் உட்கார்ந்துவிடும். மற்றவர் பேசுவதெல்லாம் அதற்குப் பதிலாகவே தெரியும். தனித்தனியாகப் பேச வேண்டிய கட்டம் வரும்போது இருவருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள். முடிக்கும்போது “இதில் எதை நான் அவரிடம் சொல்லலாம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். “அவர் பணம் தரத் தயார்னு என்கிட்ட சொன்னாரே” என்று ஒரே ஒரு முறை வாய் தவறினாலும் போதும், இருவருமே அதன் பிறகு உங்களிடம் மனம் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது என்று நான் நினைப்பது “விட்டுக்கொடுத்துப் போங்க” என்ற அறிவுரையை. யாரிடம் அதைச் சொல்கிறோம் என்று கவனியுங்கள். மருமகளிடம், வாடகைக்கு இருப்பவரிடம், சொத்தில் பங்கு கேட்கும் தங்கையிடம். “அண்ணன் உறவு வேணும்ல?” என்று கேட்டே அவளைக் கையெழுத்துப் போட வைத்த குடும்பங்கள் எத்தனை! கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. தன் உரிமை என்னவென்று தெரியாமல் ஒருவர் சம்மதித்தால் அது சம்மதமே இல்லை. அதற்காகச் சமரசரே அவருடைய வக்கீலாக மாறவும் முடியாது. பேச்சை நிறுத்தி, ஆலோசனை பெற்று வரச் சொல்லலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. இந்தத் தகவலைச் சொல்வது பாரபட்சம் ஆகாது.

அடி உதை நடக்கும் வீடு என்றால் கணவனையும் மனைவியையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் வேலையே வேண்டாம். பயந்திருப்பவரால் பேரம் பேச முடியாது. 181 பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், பாதுகாப்பை முதலில் பாருங்கள்.

அழுகையையும் கோபத்தையும் கண்டு பதறுவதும் வழக்கமாக நடப்பது. “அழாதீங்க, விஷயத்துக்கு வாங்க” என்கிறோம். அவருக்கு அந்த அழுகையே விஷயமாக இருக்கலாம். கொஞ்சம் சும்மா இருங்கள்.

சங்கக் கூட்டங்களை நடத்துபவர்களுக்கு ஒன்று. உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். “எல்லாருக்கும் ஓகேதானே?” என்று கேட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசையாக ஒவ்வொருவரையும் கேளுங்கள், சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே பலகையில் எழுதுங்கள்.

அப்புறம், ஒரே உட்காரலில் முடித்துவிடும் அவசரம். 2023-இன் சமரசச் சட்டமே சமரசத்துக்கு 120 நாட்களும், இருவரும் ஒப்புக்கொண்டால் மேலும் 60 நாட்களும் தருகிறது. நீங்கள் இரவு ஒன்பது மணிக்குள் முடிக்கத் துடிக்கத் தேவையில்லை. அவசரத்தில் எழுதும் ஒப்பந்தம் “சீக்கிரம் சரிசெய்து தருவார்” என்றுதான் இருக்கும். எந்தத் தேதிக்குள், எந்த முறையில், யார் செலவில், பெயிண்ட் யார் அடிப்பது, அடுத்த மழையில் மறுபடி கசிந்தால் என்ன செய்வது: இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும்.

இதெல்லாம் படித்து மட்டும் வராது. நீதிமன்ற மையங்களின் சமரசர்களுக்கான 40 மணி நேரப் பயிற்சியில் நடித்துப் பழகுவதற்கு முக்கிய இடம் உண்டு. மூன்று பேர் சேர்ந்தால் வீட்டிலேயே தொடங்கலாம்: இருவர் சண்டைக்காரர்கள், ஒருவர் சமரசர். நாலாவதாக ஒருவர் கிடைத்தால், சமரசர் தன் சொந்த யோசனையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு காகிதத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தக் கோடுகள் குறைகிறதா என்று பாருங்கள்.