கொம்பு ஓணான் வளர்ப்பு: முதலில் சட்டம், அடுத்து எறும்பு, அப்புறம்தான் தொட்டி

வட அமெரிக்கப் பாலைவனத்துக் கொம்பு ஓணான், தட்டை உடம்பும் தலையைச் சுற்றி முள்ளுமாகப் பார்க்க முரட்டு ஆளாக இருக்கும். வளர்ப்பில் அது அப்படியில்லை. எறும்பையே நம்பி வாழும் உயிர் என்பதால், சாப்பாடு தவறினால் சில மாதங்களில் மெலிந்து செத்துவிடும். கண்ணாடித் தொட்டியும் விளக்கும் ஒரே நாளில் வாங்கிவிடலாம், எறும்பு அப்படிக் கிடைக்காது. கீழே உள்ள வரிசை அதற்கு ஏற்றபடி அமைந்தது. அளவுகள் எல்லாம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காணப்படும் பாலைவனக் கொம்பு ஓணானுக்கு உரியவை.

படி 1: சட்டம்

இதன் உறவு இனமான டெக்சஸ் கொம்பு ஓணானை 1967 முதலே டெக்சஸ் மாநிலச் சட்டம் பாதுகாக்கிறது. 1977-ல் அது அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் அங்கே குற்றம். சாலையோரம் கண்டதைப் பிள்ளைகள் ஆசையாக எடுத்து வந்தாலும் அதே கதைதான். நெவாடாவில் ஊர்வனவற்றை விற்பனைக்காகப் பிடிப்பதை 2017-ல் நிறுத்திவிட்டார்கள். மற்ற மாநிலங்களில் விதி வேறு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். உங்கள் மாநில வனவிலங்குத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த இனம், எத்தனை, என்ன உரிமம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் எந்த மாநிலத்தில், எந்த உரிமத்தில் பிடித்தது என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்க வேண்டாம். சட்டவிரோதமாகப் பிடித்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனாலோ வாங்கினாலோ, 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்திய அரசுக் குற்றமாகிவிடும். நாடு விட்டு நாடு என்றால் இன்னும் கெடுபிடி: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த மாநாடு, 2022 நவம்பரில் பனாமாவில் கூடி, கொம்பு ஓணான் இனங்கள் அனைத்தையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாத இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. ஆகவே சென்னையிலோ பெங்களூரிலோ காகிதம் எதுவும் இல்லாமல் ஒருவர் இதை விற்க வந்தால், அது கடத்தல் சரக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எறும்பு

வேண்டியது விதை பொறுக்கும் ஹார்வெஸ்டர் எறும்பு. வளர்ந்த ஓணான் ஒன்று நாளுக்கு 50 முதல் 100 வரை தின்னும். சராசரி 70 என்று வைத்து, குளிர்கால உறக்கம் போக விழித்திருக்கும் ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 19,000 எறும்பு. இதை எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்கப்போகிறீர்கள் என்பதற்குப் பதில் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. உயிருள்ள எறும்பை மாநிலம் கடந்து அனுப்ப விற்பவருக்கு அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி வேண்டும், அதையும் கேட்டுவிடுங்கள்.

கிரிக்கெட் பூச்சி மட்டும் போட்டு வளர்க்கலாமே என்பார்கள். முதல் சில வாரம் ஆசையாகத் தின்னும், பிறகு சோர்ந்துபோகும். எறும்பிலுள்ள ஃபார்மிக் அமிலம் கிடைக்காததுதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது ஒத்துவரவில்லை, ஏனென்றால் ஹார்வெஸ்டர் எறும்பின் குடும்பப் பிரிவு அந்த அமிலத்தைச் சுரப்பதே இல்லை. காரணம் எதுவானாலும், தீனியில் முக்கால் பங்கு எறும்பாக இருக்கட்டும். மீதிக்கு ஓணானின் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சின்னக் கிரிக்கெட்டாகப் பார்த்து, கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுங்கள்.

வந்த எறும்பைக் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரப் பஞ்சுத் துண்டோடு, 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சியில் வையுங்கள். விளிம்பின் உட்புறம் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசினால் ஏறி வராது. கையை உள்ளே விடாதீர்கள். இதன் கொட்டு குளவிக்குச் சளைத்ததல்ல.

கொடுக்கும்போது பத்துப் பத்தாக விடுங்கள். எறும்பின் விஷத்தை முறிக்கும் தன்மை ஓணானின் ரத்தத்திலேயே உண்டு, விழுங்கும்போது சளியில் சுற்றித்தான் உள்ளே தள்ளும். ஆனால் அதெல்லாம் விழித்திருக்கும்போதுதான். மிச்சம் விட்ட எறும்பு, இரவில் உடம்பு குளிர்ந்து அசையாமல் கிடக்கும் ஓணானின் கண்ணிமையையும் வயிற்றையும் கடித்துக் குதறும். விளக்கு அணைக்குமுன் கடைசி எறும்பு வரை பொறுக்கிவிடுங்கள்.

படி 3: தொட்டி

ஒன்றுக்கு 90 × 45 செ.மீ. தரைப்பரப்பு குறைந்தபட்சம், 120 × 60 இருந்தால் நல்லது. உயரம் முக்கியமல்ல. கழுவிய மெல்லிய மணல் மூன்று பங்கு, உரம் கலக்காத மண் ஒரு பங்கு கலந்து 10 செ.மீ. ஆழத்துக்குப் பரப்புங்கள், அதற்குள் புதைந்துதான் தூங்கும். கடையில் விற்கும் கால்சியம் மணல் வேண்டாம், வயிற்றில் போனால் கட்டிக்கொள்ளும்.

சூடு மேலிருந்துதான் வர வேண்டும். வெயில் தாங்காதபோது கீழே புதைவது இதன் இயல்பு. அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைத்தால் தப்பிக்கப் போன இடத்திலேயே வெந்துவிடும். விளக்குக்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல். கல்லின் மேற்பரப்பு 43 முதல் 46 டிகிரி, எதிர் மூலை 26 முதல் 28, இரவில் 18 முதல் 22. ஒட்டுகிற டயல் தெர்மாமீட்டரை நம்பாமல் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளந்து பாருங்கள். சூடு குறைந்தால் தின்றது செரிக்காமல் குடலிலேயே கெட்டுப்போகும். யூவிபி எனும் புற ஊதாக் கதிருக்கு டி5 வகை மெல்லிய குழல் விளக்கு, கல்லிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில். கண்ணாடி யூவிபியைத் தடுக்கும், வலைமூடியும் கணிசமாகக் குறைக்கும். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

படி 4: தண்ணீர்

கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. காலையில் விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து முதுகிலும் மூக்கிலும் லேசாகத் தெளியுங்கள். பின்னங்காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி நிற்கும். செதில்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய வாய்க்கால் வழியாக நீர் வாய்க்கே ஓடிவரும், தாடை மட்டும் மெல்ல அசைவது தெரியும். வாரத்துக்கு மூன்று முறை போதும். மதியத்துக்குள் மணல் காய்ந்துவிட வேண்டும்.

படி 5: ஓணான்

இப்போது வாங்கலாம். இடுப்பெலும்பு துருத்தியிருந்தாலோ கண் குழிந்திருந்தாலோ பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் காட்டில் பிடித்தவை, குடல் புழு இருக்கும் என்றே வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே எச்சத்தை ஊர்வன மருத்துவரிடம் கொடுங்கள். நல்ல எச்சம் கருப்பாக, உருளையாக, உடைத்தால் எறும்புத் தலைகள் மினுமினுக்கும்படி இருக்கும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேவையில்லாமல் தூக்காதீர்கள். கண்ணிலிருந்து ரத்தம் பீய்ச்சும் வித்தை டெக்சஸ் கொம்பு ஓணான் போன்ற சில இனங்களுடையது, அதுவும் நாய், நரிக்கு எதிராக. அதைப் பார்க்க ஆசைப்பட்டுச் சீண்டுவது வதைதான்.

குளிர்காலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம், 8 முதல் 12 டிகிரியில் உறங்க விடலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே தீனியை நிறுத்தி, விளக்கை மட்டும் எரியவிட்டுக் குடலைக் காலியாக்குங்கள். மெலிந்ததையும் புதிதாக வந்ததையும் முதல் ஆண்டு உறங்க வைக்க வேண்டாம்.

எறும்பு வரத்து நின்று, மேற்கொண்டு வளர்க்க முடியாமல் போனாலும் வெளியே கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியில் ஒட்டிய நோய் காட்டிலுள்ளவற்றுக்கும் பரவும். வனவிலங்குத் துறையைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.