ஷிஸ்ட் பாறையிலிருந்து கார்னெட் படிகத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுக்கும் முறை

அலாஸ்காவின் ரேங்கல் ஊரில் சிறுவர்கள் பெயர்த்தெடுத்து விற்கும் கருஞ்சிவப்பு கார்னெட் கற்கள், அபிரகம் (மைக்கா) மிகுந்த, ஏடு ஏடாகப் பிரியும் ஷிஸ்ட் என்ற பாறைக்குள் பன்னிரு முகப் படிகங்களாகப் புதைந்திருப்பவை. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் கார்னெட்டின் கடினத்தன்மை ஏறக்குறைய 7, அபிரகத்தினுடையது சுமார் 2.5, ஆகவே படிகத்தைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள பாறையை மட்டும் சிறிது சிறிதாக அகற்ற வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் தூசிக்கேற்ற முகக்கவசமும் அணிந்து, பாறைத் துண்டை மணல் பையின்மேல் அசையாதபடி அமர்த்தி, நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். பாறையின் சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதால், வேலை முடியும்வரை ஈரம் காயவே கூடாது. பாறை ஏடு ஏடாகப் பிரியும் திசையைக் கவனித்து, படிகத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, உளிமுனை படிகத்தை நோக்காதவாறு பிடித்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். படிகத்தின் ஒரு முகம் பளிச்சிட்டவுடன் சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு, தடித்த ஊசியால் அபிரக ஏடுகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். இங்கே பொறுமைதான் முக்கியம். கார்னெட் கடினமானதாயினும் எளிதில் நொறுங்கக்கூடியது. பாறையைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் மயிரிழை விரிசல்கள் விரிந்துவிடும். வர மறுக்கும் படிகத்தைப் பாறையோடேயே விட்டுவிடலாம். சேகரிப்பாளர்கள் பலர் அப்படிப்பட்ட மாதிரிகளை விரும்பித் தேடி வாங்குகிறார்கள்.